தொண்ணூற்றைந்து இல்லை

விடிய நாலரை, ஒலுவில் துறைமுக வீதி.
நாங்கள் இரண்டு பேர், ஒரு தெருநாய், ஒரு சுபாரு.
கப்பல் வராத துறைமுகத்துக்கு
இவ்வளவு நேரான றோட்டு எதற்கென்று தெரியாது.
நன்றி மட்டும் இருக்கிறது.

அஜ்வத்தின் மடியில் லப்டொப்.
கேபிளின் மற்ற முனை ஸ்டியரிங்குக்குக் கீழே,
சேலைன் ஏற்றுகிற மாதிரி.
பகலில் அவன் அக்கரைப்பற்றில் பாமசிக்காரன்.
அளவு மாறினால் மருந்து என்னவாகும் என்று
அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

முதலாவது மெப், காரோடு யப்பானில் இருந்து வந்தது.
யாரோ ஒருவர் குளிருக்குள் இருந்து எழுதியது.
ஐயாயிரம் சுற்றுவரை தோளில் தட்டிக்கொண்டு வரும்,
மறுகா அடுப்பை அணைத்தேனா என்று யோசிக்கிற ஆள்போலத் தயங்கும்.
எண்பதிலிருந்து நூற்றிருபது: நாலு தசம் ஒரு செக்கன்.
அஜ்வத் கொப்பியில் எழுதினான்:
"நல்ல மனிசன். பயந்தாங்கொள்ளி."

இரண்டாவது கொழும்பில் வாங்கியது,
முப்பத்தையாயிரம் ரூபாய்.
டைனோத் தாளும் தந்தார்கள்:
கோடு ஒரே மூச்சில் ஏறிப்போய்
உச்சியில் குந்தியிருந்தது.
மூன்றாம் கியரில் மிதித்தேன்.
நாய் கண்ணாடிக்குள் ஒரு புள்ளியானது.
மூன்று தசம் ஆறு!
நான் சிரித்தேன்; வாய் தன்பாட்டில் சிரித்தது.

"சத்தம் கேட்டதா?"
இல்லை என்றேன்.
கேட்டது.
சுளகில் புடைக்கிற அரிசிக்குள் கல் கிடந்தால் வருமே, அது.
திரையில் எஞ்சின் தன் நெருப்பைத் தானே
நாலு பாகை பின்னுக்கு இழுத்திருந்தது.
கொழும்பான் தொண்ணூற்றைந்தை நம்பி எழுதியிருக்கிறான்.
எங்கள் ஷெட்டில் ஒரு மட்டை தொங்குகிறது,
போன மாதத்திலிருந்து,
மழை படாததால் எழுத்துக்கூட மங்கவில்லை:
95 இல்லை.

மூன்றாவது அஜ்வத்துடையது.
கடை பூட்டியபின் இருந்து இருந்து எழுதியது.
ஒன்பதாம் பிரதியில் கார் ஸ்டார்ட் ஆகவே இல்லை,
பன்னிரண்டில் இருமியது.
இது பதினேழு.
"இப்ப வேணாம்" என்று லப்டொப்பை மூடினான்.
"விடியக்காலையில எல்லாக் காரும் குதிரைதான்.
கச்சான் அடிக்கிற நேரம் வருவோம்."

இரண்டு மணிக்கு வந்தால் பாதி றோட்டில் நெல்.
இன்ரேக் காற்று ஐம்பத்தெட்டுப் பாகை.
ஒருத்தி காலால் கோடு கிழித்துக் கிழித்து
நெல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
"விடியவும் இதுதானே கத்திச்சு? என்ன கா, காருக்கு வருத்தமா?"
வேகம் பார்க்கிறோம் என்றேன்.
"லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?"
ஏழு.
அவள் அஜ்வத்தை ஒருதரம் பார்த்தாள்,
லப்டொப்பை ஒருதரம்.
ஒரு நெல்லை எடுத்துக் கடித்தாள்.
"இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. பொறுங்க."

பொறுத்தோம். சாக்குப் பிடித்தோம்.
கடைசி மூட்டை லான்ட்மாஸ்டரில் ஏறியபின்
றோட்டு திரும்ப எங்களுடையதானது.

கொழும்பு மெப்: நாலு தசம் நாலு.
நம்பாமல் திரும்பவும் ஓடினேன். நாலு தசம் ஐந்து.
காலையில் கோழை என்று எழுதப்பட்டவர்
இந்த வெயிலுக்குள் அதை முந்திவிட்டார்.
பதினேழு: மூன்று தசம் ஒன்பது.
கல் இல்லை, இருமல் இல்லை,
சிரிப்பும் அவ்வளவாக இல்லை.
அஜ்வத் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை,
தன்னுடையதைத் தானே எப்படி எழுதுவான்.

பதினேழுடன்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.
மற்றதை அழிக்கவா என்று கேட்டான்.
கிடக்கட்டும் என்றேன்.
எதற்கு என்று அவன் கேட்கவில்லை;
கேட்டிருந்தால், அந்த மூன்று தசம் ஆறு என்று
என்னால் சொல்லியிருக்க முடியாது.

இரவு பொனற்றைத் திறந்தேன்.
இன்ரகூலரின் செட்டைகளுக்குள்
பதினொரு நெல்.
ஒன்றைக் கடித்துப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.